இரண்டாவது மிதியில் பிடிக்கும் பிரேக் வேண்டாம்

தை அறுவடை தொடங்கியதும் சிவகங்கை மாவட்டத்துச் சாலைகளில் சுமை வண்டிகள் பெருகிவிடும். காளையார்கோவில் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். இளையான்குடி மிளகாயும் சிங்கம்புணரித் தேங்காயும் சந்தைக்குப் போக வேண்டும். அதே தை மாதத்தில்தான் நகரத்தார் காவடியும், அதனுடன் பாதயாத்திரை செல்லும் பக்தர் கூட்டமும் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழநிக்கு நடந்து செல்கின்றன. சுமையேற்றிய வண்டியும் நடந்து போகிற மனிதரும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும் மாதம் அது. ஆகவே, அறுவடைக்கு முன் களத்தையும் சாக்கையும் தயார் செய்வது போலவே வண்டியின் பிரேக்கையும் தயார் செய்தல் வேண்டும்.

வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவனுக்குப் பிரேக்கில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1986இல் டாட்டா 407 வந்தது. 2005இல் டாட்டா ஏஸும், 2011இல் அசோக் லேலண்ட் தோஸ்தும் வந்தன. வாடகை லாரியை நம்பியிருந்த சிறு விவசாயி, கடன் வாங்கியாவது சொந்தமாக ஒரு சுமை வண்டி வைத்துக்கொள்ளும் நிலை இதனால் ஏற்பட்டது. இன்று மண்வெட்டியும் பம்புசெட்டும் போல அந்த வண்டியும் ஒரு பண்ணைக் கருவியே. ஆனால் பம்புசெட்டைப் பற்றி நாம் சொல்லிக்கொடுத்த அளவுக்கு வண்டியின் பிரேக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பட்டறைகளில் அடிக்கடி நடப்பது இதுதான். லைனிங் தேய்ந்துவிட்டது என்று ஷூ மாற்றுகிறார்கள். வீல் சிலிண்டரோ மாஸ்டர் சிலிண்டரோ ஒழுகுகிறது என்று அதையும் மாற்றுகிறார்கள். புதுச் சாமான் எல்லாம் போட்ட பிறகு பார்த்தால் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. முதல் மிதியில் பாதிதான் பிடிக்கிறது. இரண்டாவது மிதியில் பிடிக்கிறது. "புதுச் சாமான் அல்லவா, ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று மெக்கானிக் சொல்கிறார். விவசாயியும் மறுநாள் லோடு இருக்கிறதே என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வருகிறார்.

இப்படிப்பட்ட வண்டியைப் பட்டறையை விட்டு வெளியே எடுக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், கோளாறைக் கண்டறியும் வழிகளையும் கீழே தருகிறேன்.

பெடல் ஏன் அமுங்குகிறது?

சிறு சுமை வண்டிகளில் பிரேக் எண்ணெயால் வேலை செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எண்ணெய் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் தள்ளப்படுகிறது. அங்கே டிரம்முக்குள் இருக்கும் ஷூவையோ, டிஸ்க்கைக் கவ்வும் பேடையோ அது நகர்த்துகிறது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்த விதியே இதற்கு அடிப்படை.

எண்ணெய் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். ஒரு மிதியில் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெய் சில தேக்கரண்டி அளவே. குழாயில் சிறிது காற்று தங்கியிருந்தால், நாம் மிதிக்கும் மிதி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். சக்கரத்துக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாது.

இது விவசாயிக்குப் புதிய செய்தி அல்ல. ஆயில் எஞ்சினில் டீசல் தீர்ந்து நின்றுபோனால், மறுபடி டீசல் ஊற்றியதும் எஞ்சின் ஓடுவதில்லை. திருகைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும் வரை கைப் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றுகிறோம். பிரேக்கிலும் அதே கதைதான். குழாயைக் கழற்றினால் காற்று புகும். புகுந்த காற்றை எடுத்தே ஆக வேண்டும்.

காலாலேயே கண்டறியலாம்

பெடல் தரும் அறிகுறிகளைக் கொண்டே கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் பின்வருமாறு சோதிக்கவும்.

ஒன்று: பெடல் ரப்பர் பந்து போலத் துள்ளுகிறது, பல முறை மிதித்தாலும் அந்தத் துள்ளல் போவதில்லை. இது குழாயில் காற்று இருப்பதன் அறிகுறி.

இரண்டு: முதல் மிதியில் பெடல் வெகு ஆழம் போகிறது, உடனே இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே ஏறிக் கெட்டியாக நிற்கிறது. பெரும்பாலும் இது ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகம் இருப்பதன் அறிகுறி. காற்று எடுத்துப் பயனில்லை. ஷூவை நெருக்கி வைக்க வேண்டும்.

மூன்று: பெடலை மிதித்தபடியே வைத்திருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். டப்பாவில் எண்ணெய் அளவு குறைந்தால் ஒழுக்கு வெளியே: குழாய் மூட்டு, வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்கவும். அளவு குறையாமல் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் பிடிக்கவில்லை.

நான்கு: நேர்ச்சாலையில் நன்றாக இருக்கும் பெடல், வளைவு திரும்பியதும் தாழ்ந்துவிடுகிறது. சக்கர பேரிங் தளர்ந்து, டிஸ்க் ஆடி, பேடைப் பின்னுக்குத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடாதபோது கெட்டியாக இருக்கும் பெடல், அதை மிதித்தபடி எஞ்சினைக் கிளப்பியதும் சற்றே இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம்; கோளாறு அல்ல. இதைத் தவறாக எண்ணி நல்ல சாமானைக் கழற்ற வேண்டாம்.

புதுச் சாமான் போட்டபின் நேரும் தவறுகள்

சாமான் புதிது என்பதால் வேலை சரி என்று ஆகிவிடாது. கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கவும்.

1. மாஸ்டர் சிலிண்டர் மாற்றும்போது அதை வண்டியில் பொருத்துமுன் தனியே வைஸில் பிடித்து எண்ணெய் நிரப்பிக் காற்றெடுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அதற்குள் தங்கும் காற்று, சக்கரத்தில் எத்தனை முறை எடுத்தாலும் எளிதில் வராது.

2. டிஸ்க் பிரேக் காலிப்பரில் காற்றெடுக்கும் நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலப்பக்கம் பொருத்திவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும்; எண்ணெய் மட்டும் கீழே வரும். நாள் முழுதும் எடுத்தாலும் பெடல் கெட்டியாகாது.

3. டிரம் பிரேக்கில் தானாக நெருக்கிக்கொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் இடது வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிராக இருக்கும். மாற்றிப் போட்டால் அது நெருக்குவதற்குப் பதில் தளர்த்திக்கொண்டே போகும்.

4. டிரம்மைப் பல முறை கடைந்திருந்தால் அதன் உள்விட்டம் பெரிதாகியிருக்கும். புது ஷூவின் வளைவு அதில் பொருந்தாது. நடுவில் மட்டும் தொட்டு, மிதிக்கும்போது ஷூ வளையும். டிரம்மில் பொறித்துள்ள எல்லை அளவைத் தாண்டியிருந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும்.

5. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே நைந்து மெலிந்திருக்கலாம். ஒருவர் பெடலை மிதிக்கும்போது மற்றொருவர் ஹோஸைப் பார்க்கட்டும். அது உப்பினால் மாற்றிவிடவும்.

6. சாமான்களை மண்ணெண்ணெயிலும் டீசலிலும் கழுவும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. கியர் பெட்டிக்கு அது சரி. பிரேக்கின் ரப்பர் கப்புகளுக்கு அது எதிரி. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் ஆகிய எதுவும் பட்டால் இந்த ரப்பர் உப்பிக் கெடும். சுத்தமான பிரேக் ஆயிலாலோ ஸ்பிரிட்டாலோதான் கழுவ வேண்டும்.

7. சில வண்டிகளில் பின் அச்சுக்கு அருகே, சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கிறது. அதிலும் காற்று தங்கும். வண்டிக் கையேட்டில் சொன்னபடி அதையும் கவனிக்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள புதிய வண்டியானால், அதற்குரிய கருவி வைத்திருக்கும் பட்டறையிலேயே காற்றெடுப்பது நல்லது.

காற்றெடுக்கும் முறை

இதற்கு இருவர் வேண்டும். கையேட்டில் வேறு வரிசை சொல்லப்படாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்கு வெகு தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ள சக்கரத்தில் முடிக்கவும். நம் வண்டிகளில் பொதுவாக இடது பின் சக்கரம், வலது பின் சக்கரம், இடது முன் சக்கரம், வலது முன் சக்கரம் என்று வரும்.

நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபை மாட்டி, அதன் மறு முனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கும்படி வைக்கவும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளைத் தளர்த்த வேண்டும். எண்ணெயும் குமிழியும் வந்து நின்றதும் நிப்பிளை இறுக்கிய பிறகே பெடலை விட வேண்டும். முன்னதாகக் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். குமிழி இல்லாமல் எண்ணெய் மட்டும் வரும் வரை இதைச் செய்யவும்.

இதற்கிடையே மேலே உள்ள டப்பாவில் எண்ணெய் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா வற்றிவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மாஸ்டர் சிலிண்டர் பழையதானால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, முழு ஆழம் போகாமல் தடுக்கவும். வழக்கமாகக் கப் போகாத அடிப்பகுதியில் துரு படிந்திருக்கும். அங்கே போனால் கப்பின் விளிம்பு கிழிந்து, நன்றாக இருந்த சிலிண்டரும் கெட்டுவிடும்.

பாட்டிலில் பிடித்த எண்ணெயை மறுபடி ஊற்றக்கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. டாட் 4 வகைக்கு இது முறையே 230, 155 டிகிரி. பாரத்துடன் அடிக்கடி பிரேக் போடும்போது சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், நல்ல பெடலும் திடீரென்று தரைக்குப் போகும். ஆகவே திறந்து பல நாள் கிடந்த டின்னைப் பயன்படுத்த வேண்டாம். கையேட்டில் குறித்த வகையையே வாங்கவும். ஒரு டின்னின் விலை ஒரு மூட்டை நெல்லின் விலையைவிடக் குறைவு.

மேலும் இரு எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம்; ஸ்டாண்டு வைக்கவும். டிரம்மில் படிந்த தூளைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ போக்க வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுக்கவும்.

ஓட்ட ஓட்டச் சரியாகுமா?

மெக்கானிக் சொல்லும் இந்த வார்த்தையில் பாதி உண்மை உண்டு. புது லைனிங் டிரம்மோடு முழுதும் பொருந்திப் படிவதற்குச் சிறிது தூரம் ஓட வேண்டும். அதுவரை பிடிமானம் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆகவே முதல் சில நாள் பாரத்தைக் குறைத்து, நிதானமாக ஓட்டுவது முறை.

ஆனால் அந்தப் பாதி உண்மையைக் கொண்டு மற்றவற்றை மறைக்கக்கூடாது. குழாயில் தங்கிய காற்று ஓட்ட ஓட்டப் போய்விடாது. இடம் மாறிய அட்ஜஸ்டர் ஓட்ட ஓட்டத் திரும்பிக்கொள்ளாது. கிழிந்த கப் ஓட்ட ஓட்ட ஒட்டிக்கொள்ளாது. லைனிங் படிய வேண்டிய வண்டியிலும் பெடல் முதல் மிதியிலேயே உயரத்தில் நிற்க வேண்டும். மிதித்தபடி வைத்தால் இறங்கக்கூடாது. இந்த இரண்டும் இல்லையென்றால் வேலை முடியவில்லை என்றே பொருள்.

இரண்டாவது மிதி என்பது என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் ஓடுகிறது. முதல் மிதி ஏமாற்றி, காலை எடுத்து மறுபடி மிதிக்க ஒரு நொடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்னரே வண்டி 10 மீட்டர் போய்விடும். 54 கிலோமீட்டர் வேகத்தில் அது 15 மீட்டர். கண்மாய்க் கரை வளைவில் எதிரே வரும் பள்ளிப் பிள்ளையின் சைக்கிளுக்கும் நம் வண்டிக்கும் இடையே அந்த 10 மீட்டர் இருக்குமா? இந்தக் கணக்கை ஓட்டுபவரும் உரிமையாளரும் மனத்தில் வைக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

பட்டறைக்காரர் மீது பழி போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, ஆபத்து விளைவிக்கக்கூடிய கோளாறு உள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதையும், ஓட்ட அனுமதிப்பதையும் குற்றமாக்குகிறது. கோளாறு தெரிந்திருந்தால் மட்டும் அல்ல, சாதாரணக் கவனத்துடன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் குற்றமே. பெடல் அமுங்குவது காலுக்குத் தெரிகிற கோளாறு. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. நாற்று நடவுக்கும் களை எடுக்கவும் ஆட்களைச் சுமை வண்டியில் ஏற்றிச் செல்லும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்வோருக்கு ஏற்படும் விபத்துக்கு இன்சூரன்சு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஏழைக் கூலிப் பெண்ணின் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கும் சுமை வண்டிக்காரரின் நிலத்தின் மீது வந்து விழும். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரக்கு வண்டி சரக்குக்கே.

என்ன செய்யலாம்?

முதலாவது, பிரேக் வேலை முடிந்தால் பணம் கொடுக்குமுன் பட்டறையிலேயே சோதனை கேளுங்கள். எஞ்சினை நிறுத்திப் பல முறை மிதித்துப் பூஸ்டரைக் காலி செய்து, பின் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடிக்கவும், பெடல் இறங்கக்கூடாது. பிறகு எஞ்சினைக் கிளப்பி, முதல் மிதியில் பெடல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கவும். நான்கு சக்கரத்திலும் ஈரக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கவும். ஆளில்லாத சமதரையில் முதலில் மணிக்கு 10 கிலோமீட்டர், பிறகு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நிற்கிறதா என்று பார்க்கவும். மறுநாள் எண்ணெய் அளவை மீண்டும் பார்க்கவும். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். நல்ல மெக்கானிக் இந்தச் சோதனைக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, இதை ஒவ்வொரு விவசாயியும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும் வேளாண்மைப் பொறியியல் துறையும் பண்ணைக் கருவிகளைப் பற்றிப் பயிற்சி நடத்தும்போது, சுமை வண்டியின் பிரேக்கையும் அதில் ஒரு பாடமாகச் சேர்க்க வேண்டும். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் மார்கழியில் ஒரு நாளை ஒதுக்கி, உறுப்பினர்களின் வண்டிகளை எல்லாம் ஓர் இடத்தில் நிறுத்தி, தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யலாம். ஊர்ப் பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர்களையும் அழைத்தால் அவர்களுக்கும் முறையான பழக்கம் வரும்.

டிராக்டர் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவும். இடது, வலது பிரேக் பெடல்களைச் சாலையில் ஓட்டும்போது கட்டாயம் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இரண்டின் தளர்வும் சமமாக இருக்க வேண்டும். நம் பக்கத்து டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. பின்னால் இருக்கும் பாரம் முழுவதையும் டிராக்டர் ஒன்றே நிறுத்தியாக வேண்டும் என்பதை மறவாமல் வேகத்தைக் குறைத்துச் செல்லவும்.

ஒரு நாள் லோடு தவறினால் அந்த நஷ்டத்தை அடுத்த போகத்தில் ஈடு கட்டலாம். ஆகவே, விவசாயப் பெருமக்கள் பெடல் முதல் மிதியில் பிடிக்காத வண்டியை, எவர் என்ன சமாதானம் சொன்னாலும், சாலைக்கு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.